நான்காம் படிவத்தில் என்ன பாடம் எடுப்பது, எத்தனை எடுப்பது

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் மூன்றாம் படிவம் முடியும் வேளையில் பள்ளியிலிருந்து ஒரு பாரம் (பூர்த்தி செய்யும் தாள்) வீட்டுக்கு வரும். நான்காம் படிவத்தில் எந்தப் பாகேஜ் (பாடத் தொகுப்பு) வேண்டும் என்று அதில் கேட்டிருப்பார்கள். கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பாரம் மறுநாளே பள்ளிக்குத் திரும்பிவிடுகிறது. தோழி எடுத்ததையே இவளும் எடுப்பாள், அண்ணன் படித்ததையே தம்பியும் படிப்பான், இல்லையென்றால் ‘நல்லாப் படிக்கிற புள்ள சயின்ஸ்தான் எடுக்கணும்’ என்று மாமா சொன்னபடி நடக்கும். அந்தத் தாளை ஒரு வாரமாவது வீட்டில் வைத்துக்கொண்டு யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடுதல் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் அதை ஆட் மேத்ஸ் என்பார்கள். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இன்று என்னிடம் வரும் பிள்ளைகளின் அப்பாமார் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார்கள், அம்மாமார் விடியற்காலையில் ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறுகிறார்கள். பிள்ளைக்கு எந்தப் பாடம் எதற்கு உதவும் என்று விசாரிக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, கேட்டுச் சொல்ல வீட்டில் பல்கலைக்கழகம் போனவர்களும் அதிகம் இல்லை. அவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் நிலவரம் என்னவென்று பார்த்துவிடுவோம். சயின்ஸ் கிளாஸ், ஆர்ட்ஸ் கிளாஸ் என்று பிரிக்கும் பழைய முறை 2020-இலேயே போய்விட்டது. இப்போது பாகேஜ்தான். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பாகேஜில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் முழுவதுமாகவும் எடுக்கலாம், அவற்றில் சிலவற்றைக் கணினி அறிவியல் போன்ற பாடங்களோடு கலந்தும் எடுக்கலாம். மனிதவியல் பக்கம் போனால் கணக்கியல், பொருளியல், வணிகம், புவியியல், கலைக்கல்வி என்று இருக்கும். ஆனால் எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பாடமும் கிடைக்காது. ஆசிரியர் யார் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் பள்ளி பாகேஜைக் கட்டுகிறது. முன்பு மூன்றாம் படிவத்தில் பிடி3 தேர்வு இருந்தது, பிள்ளையின் தரம் ஓரளவு தெரிந்தது. அதுவும் 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று உங்கள் கையில் இருப்பது பள்ளியின் ஆண்டிறுதித் தேர்வுப் புள்ளிகள் மட்டுமே. பிள்ளைக்கு எது வரும், எது வராது என்பதை வீட்டில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

யோசனையை எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) முடிந்த பிறகு எங்கே போவது என்பதிலிருந்து தொடங்குங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேலை என்ன என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்தெந்த வழிகளை மூடாமல் வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். நம் பக்கத்துப் பிள்ளைக்கு எஸ்.பி.எம்.முக்குப் பின் உள்ள வழிகள் இவை: பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஓராண்டு மெட்ரிகுலேசன், பேராக்கில் அது கோப்பெங்கில் இருக்கிறது. மூன்று பருவங்களாக ஒன்றரை ஆண்டு படித்து எஸ்.டி.பி.எம். எழுதும் ஆறாம் படிவம். பல்கலைக்கழகங்களே நடத்தும் அசாசி என்ற அடித்தளப் படிப்பு. ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் போன்ற போலிடெக்னிக்குகளில் டிப்ளோமா. பிறகு ஆசிரியர் கல்விக் கழகம்.

இந்த வழிகளுக்கு முன்னால் எந்தப் பாடங்கள் நிற்கின்றன என்று பாருங்கள். மருத்துவம் படிக்க வேண்டும் என்றால் எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், அதோடு இன்னொரு பாடம், இந்த ஐந்திலும் குறைந்தது பி வேண்டும் என்பது மலேசிய மருத்துவ மன்றத்தின் அடிப்படை விதி. குறைந்தது என்பதைக் கவனியுங்கள். இடம் கிடைப்பதற்கு அதைவிட நிறைய வேண்டும். பொறியியலுக்கு கூடுதல் கணிதமும் இயற்பியலும் இல்லாமல் நகர முடியாது. சட்டம் படிக்க மூன்று அறிவியலும் தேவையே இல்லை, மலாயும் ஆங்கிலமும்தான் பலமாக இருக்க வேண்டும். தமிழாசிரியராக விரும்பும் பிள்ளை எஸ்.பி.எம்.மில் தமிழை விட்டுவிட்டால் அந்த வழி அங்கேயே அடைபடும். எதுவுமே முடிவாகாத, ஆனால் கணக்கு நன்றாக வரும் பிள்ளைக்கு நான் சொல்வது: கூடுதல் கணிதத்தை எடு. பொறியியல், கணினி, பொருளியல், புள்ளியியல், காப்புறுதிக் கணிதம் என்று பல பக்கம் போக அது உதவும்.

சரி, எத்தனை பாடம்? பொதுவாக எல்லாரும் எழுதுபவை மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு, நம் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி. இதில் மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லையென்றால், மற்ற எல்லாவற்றிலும் ஏ எடுத்தாலும் சான்றிதழே கிடையாது. வரலாற்றுக்கு இந்த விதி 2013-இலிருந்து இருக்கிறது. ஸ்டெம் பாகேஜ் முழுவதும் எடுத்த பிள்ளைக்கு மேலே சொன்ன ஐந்தோடு கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்து ஒன்பது வரும். தமிழை எடுத்தால் பத்து.

அந்தப் பத்தாவது பாடத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பாரம் அதிகமாகுது, தமிழை விட்டுடலாமா டீச்சர்?’ என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். 2024-இல் அரசாங்கம், எஸ்.பி.எம்.மில் 10 ஏவும் அதற்கு மேலும் பெறும் எல்லா இன மாணவருக்கும் மெட்ரிகுலேசனில் இடம் உண்டு என்று அறிவித்தது. ஒன்பது பாடம் மட்டும் எழுதும் பிள்ளை ஒன்பதிலும் ஏ எடுத்தாலும் அந்த வாய்ப்புக்குள் வர முடியாது. நம் பிள்ளைக்கு பத்தாவது பாடமாகத் தமிழ் இருக்கிறது. ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து எழுத்தும் இலக்கணமும் கையில் இருக்கும் பிள்ளை, அந்த அடித்தளத்தை விட்டுவிட்டுப் பத்தாவதாகப் புதிதாய் ஒன்றை எங்கே போய்த் தேடும்? ஏ கழித்தலை (A-) எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை மட்டும் உங்கள் பிள்ளை எழுதும் ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2009-இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தோடு நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தபோது நம் சமூகம் சும்மா இருக்கவில்லை. தமிழும் தமிழ் இலக்கியமும் வெளியே போய்விடும் என்று ஊர் ஊராகக் குரல் எழுந்த பிறகுதான் பத்தோடு இரண்டு என்று பன்னிரண்டு வரை அனுமதி வந்தது. இன்று ஒரு பிள்ளை தமிழையும் இலக்கியத்தையும் சேர்த்து எழுத முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது. உங்கள் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் வகுப்புக்கு வழிசெய்ய வேண்டும் என்று 1996 கல்விச் சட்டம் சொல்கிறது. பதினைந்து கையெழுத்தைச் சேர்ப்பது ஒரு கோயில் கூட்டத்தில் முடிகிற வேலை.

இலக்கியம் வேறு கதை. தமிழ் எழுதுகிற எல்லாரும் அதை எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் பள்ளி நேர அட்டவணையில் அது இருக்காது. சனி, ஞாயிறு காலையில் தொண்டூழிய ஆசிரியர்கள் நடத்தும் வகுப்புக்குப் போக வேண்டும். கதை, கவிதை என்றால் தானாக எடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு அது பாரமே இல்லை. ஏ கிடைக்கும் என்று கேள்விப்பட்டு மட்டும் எடுக்கும் பிள்ளை செப்டம்பர் வாக்கில் அதை வெறுக்கத் தொடங்கிவிடும்.

இனி நேரக் கணக்கு. வழிகாட்டி ஆசிரியர்கள் பாடங்களை எண்ணச் சொல்வார்கள். நான் மணிகளை எண்ணச் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவியோடு உட்கார்ந்து போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். காலை 5.45-க்கு பள்ளி பஸ் லயத்து முனைக்கு வந்துவிடும், சுற்றிச் சுற்றி ஆள் ஏற்ற வேண்டுமே. திரும்ப வீடு வர 3.30. புதன்கிழமை புறப்பாட நடவடிக்கை இருப்பதால் 5.30 ஆகும். அம்மா வேலை முடிந்து வருவதற்குள் சோறு வடித்து, தம்பியைக் குளிக்க வைத்து, துணி எடுத்து மடிக்க வேண்டும். இரவு சாப்பிட்ட பிறகு எட்டிலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார்கள், அதை நான் கேட்கவே இல்லை. ஆக வார நாளில் நான்கு இரவு, எட்டு மணி நேரம். சனிக்கிழமை ஐந்து, ஞாயிறு நான்கு. மொத்தம் 17 மணி.

அடுத்து பாடங்கள். கூடுதல் கணிதம் 4, இயற்பியல் 2, வேதியியல் 2, உயிரியல் 2, மலாய் 2, வரலாறு 2, கணிதம் 1, ஆங்கிலம் 1, தமிழ் 1, நன்னெறி அரை. கூட்டினால் பதினேழரை. அவளுக்கு இலக்கியமும் வேண்டும், அதற்கு 2. பத்தொன்பதரை ஆயிற்று. பதினேழு மணிக்குள் பத்தொன்பதரை எப்படி அடங்கும்? தூக்கத்தைக் குறைக்கிறேன் என்றாள். காலை ஐந்து மணிக்கு எழும் பிள்ளை பன்னிரண்டு வரை விழித்தால் மறுநாள் மூன்றாம் பாடத்திலேயே கண் செருகும். அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை.

‘டாக்டர் ஆகணுமா?’ என்று கேட்டேன். ‘இல்ல டீச்சர், எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங்.’ அப்படியானால் உயிரியல் எதற்கு? அவளிடம் பதில் இல்லை. அப்பாவிடம்தான் இருந்தது. மூன்று சயின்ஸும் இல்லையென்றால் பிள்ளை தாழ்ந்துவிடுவாள் என்று அவர் பயந்தார். ‘மத்த புள்ளைங்கல்லாம் எடுக்குதுங்களே டீச்சர்.’ பொறியியலுக்கு வேண்டிய கூடுதல் கணிதமும் இயற்பியலும் அவளிடம் இருக்கின்றன, வேதியியலும் இருக்கிறது, உயிரியலை நீக்கிவிட்டு இலக்கியத்தை வைத்தாலும் எண்ணிக்கை பத்துதான் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். நேரம் மறுபடி பதினேழரைக்கு வந்தது. அந்த அரை மணியை பஸ்ஸில் நன்னெறிக் குறிப்பைப் படித்துச் சரிக்கட்டுகிறாள். பள்ளியும் அவர்கள் கேட்ட மாற்றத்துக்கு இடம் கொடுத்தது. எல்லாப் பள்ளியும் கொடுக்காது, அதனால்தான் பாரம் கொடுக்கும் முன்பே கேட்கச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டு மணிகள் வேறாக இருக்கும். பாடத்துக்கு நான் போட்ட நேரமும் எல்லாருக்கும் பொருந்தாது. முதல் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பு படித்து வந்த சில பிள்ளைகளுக்கு மலாய்க்கே மூன்று மணி வேண்டும். ஆனால் கணக்கைத் தாளில் போடுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போடுங்கள். பஸ் நேரத்தையும் வீட்டு வேலையையும் மறைக்காமல் எழுதுங்கள். பெண்பிள்ளைக்கு வீட்டு வேலை அதிகம் என்பது அந்தத் தாளில் பளிச்சென்று தெரியும். அண்ணனும் தம்பியும் பாத்திரம் கழுவினால் அவளுக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் திரும்பக் கிடைக்கும்.

கடினமான பாடங்களைச் சேர்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். சில பாடம் கையால் போட்டுப் போட்டு வருவது, கூடுதல் கணிதமும் இயற்பியலும் அப்படி. சில பாடம் படித்து, மறந்து, திரும்பப் படித்து மனத்தில் ஏற்றுவது, வரலாறும் உயிரியலும் நன்னெறியும் அப்படி. வேதியியல் இரண்டும் கலந்தது. ஒரே இரவில் வரலாறும் உயிரியலும் படிக்கும் பிள்ளை இரண்டாவது மணியில் வெறும் பக்கம்தான் புரட்டும். முதல் மணி கூடுதல் கணிதம், இரண்டாவது மணி வரலாறு என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதே இரண்டு மணி நேரத்தில் இன்னும் அதிகம் நிற்கும். விருப்பப் பாடம் எடுக்கும்போதும் இதையே பார்க்க வேண்டும். மனப்பாடப் பாடங்கள் ஏற்கெனவே மூன்று நான்கு இருக்கும் பட்டியலில் இன்னொன்றைச் சேர்ப்பதைவிட, கணக்கியல் போல் கையால் போடும் பாடம் ஒன்று இருந்தால் பிள்ளைக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும். கலைக்கல்வி லேசான பாடம் என்று எண்ணி எடுக்காதீர்கள். படைப்பு வேலை வாரக்கணக்கில் நேரத்தை எடுத்துக்கொள்ளும். வரைவதில் உண்மையான விருப்பம் உள்ள பிள்ளைக்கு அது நல்ல பாடம்.

கூடுதல் கணிதம் எடுக்கலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்றாம் படிவக் கணிதத்தில் ஏ வந்தது என்பதை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை. நான்காம் படிவ கூடுதல் கணிதத்தில் சார்பு, இருபடிச் சார்பு, அடுக்குக்குறியும் மடக்கையும், தொடர், ஆயத்தொலைவு வடிவியல், திசையன் என்று வரும். முக்கால்வாசிக்கு வேர் இயற்கணிதம். அதனால் பழைய புத்தகத்தை எடுங்கள். இரண்டாம் படிவத்திலிருந்து காரணிப்படுத்துதல், மூன்றாம் படிவத்திலிருந்து அடுக்குக்குறியும் நேர்க்கோடும். மூன்றிலும் பத்துப் பத்துக் கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல், ஒரு மணி நேரம். விடையைவிட வழியைப் பாருங்கள். கூட்டல் கழித்தல் குறியைத் தவற விட்டிருந்தால் கவலை வேண்டாம், பயிற்சியில் சரியாகும். அடைப்புக்குறியை விரிக்கவே தெரியவில்லை என்றால் ஆண்டிறுதி விடுமுறை முழுவதும் அதற்கே கொடுக்க வேண்டும். பிள்ளை அதற்குச் சம்மதித்தால் எடுக்கலாம். உட்கார மனமில்லை என்றால் பொருளியலும் கணக்கியலும் உள்ள பாகேஜை எடுத்து அதில் உயரட்டும், அந்தப் பக்கமும் மெட்ரிகுலேசனும் ஆறாம் படிவமும் இருக்கின்றன.

அறிவியல் பாடம் எடுப்பவர்கள் பள்ளி ஆய்வகத்தைப் பற்றியும் கேட்டு வையுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் எஸ்.பி.எம்.மில் செய்முறைத் தேர்வு தனியாக உண்டு. குழாயில் தண்ணீர் வராத ஆய்வகத்தில் படித்த பிள்ளை அங்கே தடுமாறும்.

புறப்பாட நடவடிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யூ.பி.யூ. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு மூன்றிலும் வருகை, பதவி, எந்த நிலையில் பங்கெடுத்தார் என்பவற்றுக்குப் புள்ளி உண்டு. ஆறு கழகத்தில் பெயர் கொடுத்து ஒன்றுக்கும் போகாமல் இருப்பதில் பயனில்லை. மூன்றை எடுத்து, ஒழுங்காகப் போய், ஒன்றிலாவது செயலாளர் பொறுப்பு வரை வந்தால் போதும். தமிழ்மொழிக் கழகத்தில் பொறுப்பெடுக்க ஆள் தேடுகிறார்கள். மாவட்டப் பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டால் அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் கோப்பில் போட்டு வையுங்கள், கறையான் அரித்த சான்றிதழோடு வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தொடங்கிய பிறகு சுமை தாங்கவில்லை என்றால்? நான்காம் படிவத்தின் முதல் சில வாரங்களில்தான் பாடம் மாற்றுவது எளிது. தைப்பூசம் முடிந்ததும் பிள்ளையோடு ஒரு முறை உட்காருங்கள். எந்த நோட்டுப் புத்தகம் வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள், பேச்சைவிட அது உண்மையைச் சொல்லும். விட வேண்டி வந்தால், போக நினைக்கும் வழிக்குத் தேவைப்படாத பாடத்தை முதலில் விடுங்கள். பிடிக்காத பாடத்தை முதலில் விடுவதுதான் பிள்ளைகளின் வழக்கம், அப்படிப் போவது பல வேளைகளில் கூடுதல் கணிதமாகவோ வேதியியலாகவோ இருந்து, பின்னால் வழி அடைபட்டுப் போகிறது. அரையாண்டுத் தேர்வு வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று தோன்றினால் அதற்குள் மாற்ற விடுவார்களா என்று பள்ளியில் கேட்டுக்கொண்டு பொறுங்கள்.

எஸ்.பி.எம். முடிவோடு எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் சராசரிதான் முன்னால் நிற்கும், முழு அளவு 4.00. பன்னிரண்டு பாடம் சுமந்து களைத்துப் போய் ஆறாம் படிவத்துக்கு வரும் பிள்ளை, பத்தை நிதானமாகப் படித்து அடித்தளத்தோடு வரும் பிள்ளையிடம் முதல் பருவத்திலேயே பின்தங்குவதை நான் பார்க்கிறேன்.

பாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். கேட்க வேண்டியவை: இந்தப் பாகேஜில் எந்தப் பாடத்துக்கு இப்போது நிரந்தர ஆசிரியர் இல்லை? தமிழ் வகுப்பு எந்த நாள், எத்தனை மணிக்கு, அன்று பஸ் உண்டா? ஒரு பாடத்தை மாற்றுவதற்குக் கடைசி நாள் எது? என் பிள்ளை இந்தப் படிப்புக்குப் போக நினைக்கிறது, இந்தப் பாடங்கள் அதற்குப் போதுமா? மலாயில் பேசத் தயக்கமாக இருந்தால் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள். அப்பாவால் வேலை நேரத்தில் வர முடியாவிட்டால் அம்மாவோ, படித்த அக்காவோ, சித்தப்பாவோ போகலாம். பிள்ளையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும்.